2002 ஸ்ப்ளெண்டர் டாப் கியர்ல திணறி நின்னுருது, கார்ப்பரேட்டர மாத்தித்தான் ஆகணுமா?

தங்கச்சிமடத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 2002 மாடல், அப்பா வாங்குனது, இப்ப நான்தான் ஓட்டுறேன். நண்டு, கணவாய் பெட்டிய பின்னாடி கட்டிக்கிட்டு ராம்நாடு வரைக்கும் போயிட்டு வர்றதுதான் அதோட வேலை. மீன்பிடித் தடைக்காலத்துல வண்டிக்கு வேலை இல்ல, கொட்டகையில சும்மா நின்னுச்சு, ஜூன்ல படகெல்லாம் கடலுக்குப் போனப்புறம் வெளிய எடுத்தா அன்னையிலருந்து ஒரே தொல்லை. காலையில சோக் போட்டு உதைச்சா ஸ்டார்ட் ஆயிருது, ஊருக்குள்ள நல்லாவே ஓடுது, அக்காள்மடம் தாண்டி பாம்பன் பாலம் ஏறி கச்சான் காத்துக்கு எதிரா நாலாவது கியர்ல அம்பது அம்பத்தஞ்சுல பிடிச்சுக்கிட்டே போனா மொதல்ல லேசா இழுவை குறையுது, அப்பறம் ஆக்சிலேட்டர எம்புட்டு முறுக்குனாலும் ம்ம்ம்னு அடங்கி ஆஃப் ஆயிருது. ஓரங்கட்டி செத்த நேரம் நின்னுட்டு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை.

பட்டறையில காட்டியாச்சு. கார்ப்பரேட்டர (பெட்ரோலையும் காத்தையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புற பாகம்) கழட்டி ஊதுனாங்க, பிளக் மாத்துனாங்க, ஏர் பில்டர் மாத்துனாங்க, மெயின் ஜெட்ட, அதான் பெட்ரோல் போற சின்ன ஓட்டை உள்ள திருகாணிய, ஒரு சைஸ் பெருசா போட்டாங்க. ஒண்ணும் மாறல. இப்ப கார்ப்பரேட்டரே போச்சு, புதுசு வாங்கிட்டு வான்னு சொல்றாக. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு இங்க போடுறேன்.

மண்டபம் கரண்ட்:
கார்ப்பரேட்டர விடுங்க தம்பி, இது கரண்ட் கேஸு. சூடானா நிக்குது, ஆறுனா ஓடுதுன்னா பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற காயில் இல்லன்னா சிடிஐ பெட்டி. காயில் உள்ள சுத்துன கம்பி சூட்டுல விரிஞ்சு விட்டுரும், ஆறுனதும் ஒட்டிக்கிரும். நம்ம பக்கம் உப்புக்காத்து வேற, பிளக் கேப்பக் கழட்டிப் பாருங்க, உள்ள பச்சையா பூத்திருக்கும். மொதல்ல காயில மாத்துங்க.

கீழக்கரை காக்கா:
அவசரப்பட்டு எதையும் மாத்த வேணாம் தம்பி. ரெண்டு விஷயம் சொல்லுங்க. நிக்கிறப்ப டக்குனு சுவிட்ச அமுக்குன மாதிரி நிக்குதா, இல்ல பைய பைய அடங்கி நிக்குதா? அடங்க ஆரம்பிக்கிறப்ப லேசா சோக்க இழுத்தா கொஞ்சம் உயிர் வருதா, இல்ல இன்னும் மோசமாகுதா? சோக் காத்தக் கொறச்சு பெட்ரோலக் கூட்டும், உயிர் வந்தா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம்.

தங்கச்சிமடத்தான்:
காக்கா, பைய பையதான் அடங்குது, டக்குனு இல்ல. சோக் ஓடும்போது இழுத்துப் பாத்ததில்ல, நாளைக்குப் பாத்துட்டு சொல்றேன்.

சாயல்குடி ஆர்எக்ஸ்:
இதே மாதிரி என் யமஹா ஆர்எக்ஸ்100லயும் இருக்கு. ஆனா எனக்கு நிக்காது, மாறா ஐடிலிங் தானா ஏறிக்கிட்டே போகுது, ஆக்சிலேட்டர விட்டாலும் இறங்க மாட்டேங்குது, பிளக் வெள்ளை வெளேர்னு இருக்கு. கார்ப்பரேட்டர் ரிப்பேர் கிட் போட்டும் சரியாகல. ஆயில் பம்ப்ப முன்னாடியே எடுத்துட்டு பெட்ரோல்லயே கலந்து ஊத்துறேன். யாராச்சும் சொல்லுங்க.

உச்சிப்புளி பட்டறை:
சாயல்குடி தம்பி, ஒன்னோடது வேற நோய். டூ ஸ்ட்ரோக்ல ஐடிலிங் தானா ஏறுது, பிளக் வெளுத்திருக்குன்னா எங்கேயோ கூடுதல் காத்து உள்ள போகுது. ரீட் வால்வு பக்கம் ரப்பர் மெனிஃபோல்டு வெடிச்சிருக்கான்னு பாரு, அது சரியா இருந்தா மேக்னட் பக்கம் கிராங்க் ஆயில் சீல். அந்த சீல் போயி காஞ்சுபோயி ஓடுனா பிஸ்டன் பிடிச்சுக்கிரும். அதுவும் நீ ஆயில கையில கலக்குற ஆளு, அளவு கொறஞ்சாலும் அதே கதிதான். சரி பண்ற வரைக்கும் அந்த வண்டிய நெடுந்தூரம் எடுக்காத. தனி இழை போடு, அங்க பேசுவோம்.

இப்ப தங்கச்சிமடம் தம்பிக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படி.

என்கிட்ட வர்ற பழைய வண்டியில கார்ப்பரேட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லி வர்றதுல பாதிக்கு மேல கார்ப்பரேட்டர்ல தப்பே இருக்காது. ஒன் வண்டி ஊருக்குள்ள நல்லா ஓடுது, ஸ்டார்ட்டிங் நல்லாருக்கு, ஐடிலிங் சீரா இருக்கு, அப்ப ஜெட்டெல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நெடுநேரம் முறுக்கிப் பிடிச்சா மட்டும் நிக்குதுன்னா ஒண்ணு பெட்ரோல் போதுமான அளவுக்கு கீழ எறங்கல, இல்லன்னா மண்டபத்துக்காரர் சொல்ற மாதிரி சூட்டுல கரண்ட் விடுது. இது ரெண்டுல எதுன்னு பாக்க ஒரு பைசா செலவு கிடையாது. ஆனா வண்டி நின்ன அந்த நிமிஷத்துலயே பாக்கணும். பட்டறைக்குத் தள்ளிட்டு வந்தப்பறம் பாத்தா எல்லாம் சரியாதான் இருக்கும், அதனாலதான் யாருக்கும் பிடிபட மாட்டேங்குது.

வண்டி நின்னதும் பெட்ரோல் காக்க (டேங்க் அடியில பெட்ரோல தொறந்து மூடுற குழாய்) மூடிரு. கார்ப்பரேட்டர் அடியில கப்பு இருக்குல்ல, அதுல ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும், அதுக்கடியில ஒரு சின்ன பாட்டில பிடிச்சுக்கிட்டு தொற. கப்பு நிறைய இருந்த பெட்ரோல் குடுகுடுன்னு வந்துச்சுன்னா பெட்ரோல் பிரச்சினை இல்ல, கரண்டுதான். நாலு சொட்டு விழுந்து நின்னுச்சுன்னா பெட்ரோல் வரல, கார்ப்பரேட்டர் காஞ்சு கெடக்கு. ஸ்க்ரூவ மூடி, பாட்டில தூர வச்சிட்டு, அப்பறமா ஒரு பிளக்க எக்ஸ்ட்ரா வச்சிருந்து கேப்புல சொருகி என்ஜின் மேல படுற மாதிரி வச்சு உதைச்சுப் பாத்தா கரண்ட் வருதா இல்லையான்னும் தெரிஞ்சிரும். பெட்ரோல் ஈரம் இருக்கிற இடத்துல பிளக்க உரசாத, சொல்லிட்டேன். சிகரெட் கிகரெட் பக்கத்துல வேணாம்.

அப்பறம் பாலத்து மேல நிறுத்தி இதெல்லாம் பண்ணாத. பஸ்ஸும் வேனும் வேடிக்கை பாத்துக்கிட்டே வருவாக, அங்க ஒதுங்க எடம் கெடையாது. இங்கிட்டு எறங்கி மண்டபம் ரோட்டுல வச்சுக்க.

இன்னொண்ணு, மெயின் ஜெட்ட பெருசா போட்டதப் பத்தி அப்பறம் பேசுவோம். பெட்ரோலே வராத வண்டிக்குப் பெரிய ஜெட் எதுக்கு?

தொண்டி புல்லட்:
நல்ல பதிவு அண்ணே. ஆனா ஒரு சந்தேகம், தம்பி பாலத்துல காத்துல மட்டும்தான் நிக்குதுங்கிறாரு. கார்ப்பரேட்டர் கப்புக்கு காத்து போயிட்டு வர ஒரு வென்ட் ஹோஸ் உண்டுல்ல, பக்கவாட்டுல பலமா காத்து அடிச்சா அந்த ஹோஸ் வாயில பிரஷர் மாறி கப்புலருந்து பெட்ரோல் மேல ஏறாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். குளவி வேற அந்த மாதிரி ஓட்டையில மண்ணு வச்சு கூடு கட்டிரும். கொட்டகையில நின்ன வண்டின்னா அதையும் பாக்கணும்.

உச்சிப்புளி பட்டறை:
பாக்கணும்தான், குளவிக்கூடு நானே எடுத்திருக்கேன். ஆனா காத்தடிச்சு பிரஷர் மாறுனா வண்டி விக்கி விக்கி ஓடும், காத்து நின்னதும் சரியாயிரும். இவருக்கு நின்னாப்பறம் செத்த நேரம் கழிச்சுத்தான் உயிர் வருது. காத்து எதிர்ல அடிக்கிறதால ஆக்சிலேட்டர அதிகமா முறுக்குறாரு, பெட்ரோல் அதிகமா கேக்குது, அம்புட்டுத்தான். காத்தில்லாத நாள்ல பின்னாடி பெட்டி பாரத்தோட அறுபதுல போனாலும் நிக்கும் பாருங்க.

தேவிபட்டினம் டீச்சர்:
நான் மெக்கானிக் இல்ல, பள்ளிக்கூடத்துல அறிவியல் எடுக்கறேன், அப்பாவோட பழைய சிடி100 பைக் இன்னும் வீட்டுல ஓடுது, அதனால இந்த இழைய விடாம படிக்கறேன். கணக்கு ஒண்ணு போட்டுப் பாத்தேன்.

வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் குடுக்குதுன்னு வைங்க. ஊருக்குள்ள 30 வேகத்துல போனா மணிக்கு அரை லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு சுமாரா 8 மில்லி. அதே வண்டி பாரத்தோட எதிர்காத்துல 60ல போறப்ப மைலேஜ் 40க்கு எறங்குதுன்னு வச்சுக்கிட்டா மணிக்கு ஒன்றரை லிட்டர், நிமிஷத்துக்கு 25 மில்லி. மூணு மடங்கு. அப்ப ஊருக்குள்ள சொட்டுச் சொட்டா வந்தாலே வண்டி ஓடிரும், பாலத்துல ஓடாது.

அடுத்து, டேங்க் மூடியில காத்து உள்ள போக ஒரு சின்ன வழி இருக்கும். அது அடைச்சிருந்தா என்ன ஆகும்? ஸ்ப்ளெண்டர்ல பெட்ரோல் பம்ப் கெடையாது, மேல இருந்து கீழ தானா எறங்கணும். டேங்க்ல இருக்கிற பெட்ரோல் மட்டத்துக்கும் கார்ப்பரேட்டருக்கும் ஒரு அடி உயரம்னு வைங்க, அந்த ஒரு அடி பெட்ரோல் குடுக்கிற அழுத்தம் நம்மள சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தத்துல வெறும் 2 சதவீதம்தான். டேங்க் உள்ள காத்தழுத்தம் அந்த 2 சதவீதம் கொறஞ்சாலே பெட்ரோல் எறங்கறது நின்னுரும். டேங்க் முக்கால்வாசி காலியா இருந்தா உள்ள நிறைய காத்து இருக்கு, அழுத்தம் கொறைய நேரமாகும். டேங்க் ரொப்பி, மேல ஒரு லிட்டர் அளவுக்குத்தான் காத்து இருக்குன்னா, 20 மில்லி எறங்கறதுக்குள்ள நின்னுரணும். பெட்ரோல் ஆவியும் கொஞ்சம் நிரப்பும், ரப்பர் ஓரத்துல கொஞ்சம் கசியும், அதனால அவ்வளவு கறாரா நடக்காது. ஆனா கேள்வி இதுதான்: பெட்ரோல் நிறைய போட்ட அன்னைக்கு சீக்கிரமா நிக்குதா?

தங்கச்சிமடத்தான்:
டீச்சர், நீங்க கேட்டப்பறம்தான் யோசிச்சேன், ஆமா! ஃபுல் டேங்க் அடிச்ச அன்னைக்குத்தான் பாலத்துல பாதிகூட தாண்டல. நான் அந்த பங்க்ல போட்ட பெட்ரோல்லதான் கோளாறுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

மண்டபம் கரண்ட்:
கணக்கெல்லாம் சரிதான் டீச்சர், நான் இன்னும் காயில்லதான் நிக்கிறேன். பாப்போம்.

தங்கச்சிமடத்தான்:
பாத்தாச்சு. பாலம் எறங்கி மண்டபம் பக்கம் அடங்க ஆரம்பிச்சுச்சு. காக்கா சொன்ன மாதிரி லேசா சோக் இழுத்தேன், ரெண்டு மூணு செகண்ட் நல்லா இழுத்துச்சு, அப்பறம் நின்னுருச்சு. காக்க மூடிட்டு டிரெயின் ஸ்க்ரூவ தொறந்தா பாட்டில் அடியில ஒட்டுற அளவுக்குத்தான் வந்துச்சு. எக்ஸ்ட்ரா பிளக்ல கரண்ட் நீலமா பளிச்சுனு வருது. மண்டபத்து அண்ணே மன்னிக்கணும். அதுக்கப்பறம் டேங்க் மூடியத் தொறந்தேன், புஸ்ஸ்ஸுனு காத்து உள்ள இழுத்துச்சு, கூட வந்த பையனுக்கே கேட்டுச்சு. மூடிய லூசா வச்சிட்டு அப்படியே ராம்நாடு போனேன், நடுவுல ஒரே ஒரு தடவதான் லேசா திணறுச்சு, நிக்கல.

மண்டபம் கரண்ட்:
மன்னிப்பெல்லாம் எதுக்கு தம்பி. கரண்ட் நீலமா வந்தா காயில் நல்லாருக்கு. பிளக் கேப்ப மட்டும் கழட்டி உள்ள கொஞ்சம் கிரீஸ் வச்சிருங்க, உப்புக்காத்துக்கு அது நல்லது.

கீழக்கரை காக்கா:
அல்ஹம்துலில்லாஹ். மூடி பூட்டோட இருக்கிற மூடிதானே தம்பி? உள்பக்கம் ரப்பர் வாஷரயும் தகட்டையும் கழட்டுனா சின்ன ஓட்டை தெரியும், அதுல உப்பும் துருவும் சேந்து சிமிண்ட்டு மாதிரி இறுகிருக்கும். வெந்நீர்ல ஊற வச்சு, காஞ்சதும் மெல்லிசான தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) விட்டுப் பாருங்க, வாய வச்சு ஊதுனா காத்து போகணும். ஓட்டைய பெருசாக்கிராதீக, மழையில தண்ணி எறங்கிரும். மூடிய லூசா வச்சு ஓட்டுறது சோதனைக்கு மட்டும்தான், பெட்ரோல் சிந்தி சூடான சைலன்சர்ல பட்டா வம்பு.

தொண்டி புல்லட்:
தங்கூசி நல்ல ரோசனை காக்கா. ஜெட்டுக்கும் நான் அதத்தான் விடுவேன். ஜெட் பித்தளை, கம்பிய விட்டா ஓட்டை கீறி பெருசாயிரும், அப்பறம் என்ன டியூன் பண்ணாலும் சரியா வராது. வலைக்கடையில எந்த சைஸ் வேணும்னாலும் நரம்பு கெடைக்கும், நம்ம கடக்கரையில பொறந்ததுக்கு இது ஒரு லாபம்.

உச்சிப்புளி பட்டறை:
மூடிய லூசா வச்சும் ஒரு தடவ திணறுச்சுங்கிற பாத்தியா, அதுதான் முக்கியம். ரெண்டாவது அடைப்பு ஒண்ணு இருக்கு. கார்ப்பரேட்டர்ல ஹோஸக் கழட்டி ஒரு தண்ணி பாட்டிலுக்குள்ள விட்டு காக்கத் தொற, ஒரு நிமிஷம் பிடி. டீச்சர் கணக்குல 25 மில்லி போதும், ஆனா அது கார்ப்பரேட்டர்ல ஃப்ளோட் நீடில் (கப்பு நெறைஞ்சதும் பெட்ரோல அடைக்கிற ஊசி) வழியா புகுந்து போகணும், அதனால ஹோஸ்ல அதுக்குப் பல மடங்கு வரணும். பென்சில் கனத்துக்கு ஒரே தாரையா வந்தா சரி. மொதல்ல நல்லா வந்து போகப்போக மெலிஞ்சா டேங்க் உள்ள துரு, காக் வலையில போயி அடைக்குது. மெயின்லயும் ரிசர்வ்லயும் தனித்தனியா பாரு.

ஹோஸையும் பாரு. சில பட்டறையில கையில கெடச்ச நீள ஹோஸ போட்டு நடுவுல கார் பில்டர் ஒண்ணு மாட்டி விட்டுருவாங்க, ஹோஸ் மேல ஏறி வளைஞ்சு எறங்கும், வளைவுல காத்து நின்னுக்கிரும். இல்லன்னா சிலிண்டர்ல ஒரசிக்கிட்டு சூட்டுல பெட்ரோல் ஆவியாகும்.

தங்கச்சிமடத்தான்:
அண்ணே எப்படி பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்றீக? பெரிய பில்டர் ஒண்ணு மாட்டித்தான் இருக்கு, ஹோஸ் ஒரு வளையம் போட்டு வருது. பாட்டில்ல பிடிச்சா மெயின்ல மொதல்ல நல்லா வந்து அப்பறம் நூல் மாதிரி ஆயிருச்சு, ரிசர்வ்ல அதைவிட மோசம். பாட்டில் அடியில செம்மண்ணு கரைச்ச மாதிரி செவப்பா படிஞ்சிருக்கு. டேங்க் உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன், பெட்ரோல் மட்டத்துக்கு மேல இருக்கிற தகடு முழுக்க துரு.

சாயல்குடி ஆர்எக்ஸ்:
டேங்க்குக்கு புளி கரைச்சு ஊத்துங்க, எங்கம்மா குத்துவிளக்கு வெளக்குறது அதுலதான், பளபளன்னு ஆயிரும்.

கீழக்கரை காக்கா:
ஏன் தம்பி, டேங்க்ல குழம்பு வைக்கப் போறீகளா? புளிச்சக்கை காக் வலையில போயி ஒட்டுனா அப்பறம் எடுக்கவே முடியாது.

உச்சிப்புளி பட்டறை:
டேங்க் கழுவுறத சொல்றேன். வீட்டுல செய்யலாம், நேரம்தான் வேணும்.

டேங்க்கக் கழட்டி பெட்ரோலெல்லாம் வடிச்சிரு, காக்கையும் கழட்டி அந்த ஓட்டைய ரப்பர் வச்சு அடைச்சிரு. அடுப்பு, வெல்டிங் எதுவும் இல்லாத காத்தோட்டமான எடம். காலி டேங்க்தான் பெட்ரோல் இருக்கிற டேங்க்க விட ஆபத்து, உள்ள இருக்கிறது முழுக்க ஆவி. சோப்புத்தண்ணி விட்டு ஒரு தடவ கழுவு. அப்பறம் ஹோட்டல்ல வாங்குற வெள்ளை வினிகர், டேங்க் நெறைய ஊத்தி ஒரு ராத்திரி விடு, துரு ஜாஸ்தின்னா இன்னொரு ராத்திரி. கொஞ்சம் எஸ்எஸ் நட்டு போட்டு குலுக்கு, எண்ணிப் போட்டு எண்ணி எடு. வெளிய பெயிண்ட்ல வினிகர் படாம பாத்துக்க. வடிச்சதும் சமையல் சோடா கரைச்ச தண்ணிய விட்டு அலசு, இல்லன்னா மிச்ச புளிப்புலயே மறுபடி துரு பிடிக்கும்.

இப்ப கவனி. கடைசியா அலசுறது காவிரித் தண்ணியில அலசு. போர் தண்ணி, கெணத்துத் தண்ணி வேணவே வேணாம். நம்ம பக்கத்துத் தண்ணியில இருக்கிற உப்புக்கு டேங்க் காயுறதுக்குள்ள மஞ்சளா பூத்துரும். கொடத்துக்குக் காசு குடுத்து வாங்குற தண்ணிய வண்டிக்கு ஊத்துறதான்னு வீட்டுல கேப்பாக, சமாளிச்சுக்க. அலசுன உடனே வெயில்ல கவுத்துக் காய வச்சு, ஈரம் போனதும் கொஞ்சம் பெட்ரோல்ல ஆயில் கலந்து உள்ள சுத்திச் சுத்தி நனைச்சு வடிச்சிரு. காக் வலை கிழிஞ்சிருந்தா புதுசு போடு, பெரிய பில்டர தூக்கிப் போட்டுட்டு சின்ன பைக் பில்டர் ஒண்ணு, ஹோஸ் குட்டையா, எறக்கமாவே வரணும்.

தொண்டி புல்லட்:
எல்லாம் இந்த ஈ20, அதான் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பண்ற வேலை. 2023ல ஆரம்பிச்சாங்க, இப்ப எந்த பங்க்லயும் அதத்தவிர வேற கெடைக்கல. எத்தனால் தண்ணிய இழுக்கும், டேங்க் துரு பிடிக்கும், ரப்பர் ஊறிப்போகும். பழைய வண்டிய சாகடிக்கத்தான் இது.

உச்சிப்புளி பட்டறை:
துரு ஈ20க்கு முன்னாடியே நம்ம ஊர்ல இருந்துச்சு மாப்ள. தனுஷ்கோடில ஒரு ராத்திரி நின்ன வண்டியோட செயின பாத்ததில்லையா? ஆனா பழைய ரப்பருக்கு அது ஆகாதுங்கிறது உண்மை. ஃப்ளோட் நீடில் முனை, ஓ ரிங், ஹோஸ் இதெல்லாம் முன்னாடி விட சீக்கிரமா கெட்டியாகுது, ஊதுது, நான் பாக்குறேன்.

தேவிபட்டினம் டீச்சர்:
ரெண்டு பேர் சொல்றதும் பாதிப்பாதி சரி. எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஈரத்தத் தனக்குள்ளயே கரைச்சு வச்சுக்கும், அதுவரைக்கும் பெரிய தொந்தரவு இல்ல. தண்ணி அளவு மீறுனா எத்தனாலும் தண்ணியும் சேந்து பிரிஞ்சு டேங்க் அடியில போய் தங்கிரும், ரிசர்வ்ல போட்டா காக் அதத்தான் மொதல்ல இழுக்கும். தடைக்காலம் ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அவ்வளவு நாளும் வண்டி நிக்குது, கடல் ஈரம், டேங்க் பாதி காலி, பகல்ல சூடாகி ராத்திரி குளுந்து உள்ள காத்து போயிட்டு வந்துட்டே இருக்கு. அப்ப சேருற ஈரம்தான் கணக்கு.

இன்னொண்ணு, 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும். அதனால அதே ஜெட்ல ஈ20 போனா கலவை கொஞ்சம் காத்து கூடுனதா, அதாவது லீனா ஆகும். புது வண்டியில சென்சார் பாத்து சரி பண்ணிக்கும், கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கெடையாது. தம்பிக்கு ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டது அந்த வகையில தப்பில்லாம கூட இருக்கலாம், உச்சிப்புளி அண்ணன்தான் சொல்லணும்.

உச்சிப்புளி பட்டறை:
டீச்சர் சொல்றது சரி, ஆனா எவ்வளவு பெருசுங்கிறதுதான் கேள்வி. ஜெட் தலையில நம்பர் போட்டிருக்கும். நம்பர் தேஞ்சோ, ஓட்டை கோணலாவோ இருந்தா கம்பி விட்டு நோண்டுன ஜெட், அது வேணாம். தம்பி, டேங்க் முடிச்சிட்டு வா.

தங்கச்சிமடத்தான்:
டேங்க் முடிஞ்சிருச்சு. வினிகர் வடிச்சப்ப வந்த கலர பாத்தா டீ கடையே வைக்கலாம். காவிரித் தண்ணிக்கு அம்மா திட்டுனாக, நீங்க சொன்னபடியே நடந்துச்சு. மூடி ஓட்டை, காக் வலை, ஹோஸ் எல்லாம் சரி பண்ணியாச்சு, பாட்டில்ல பிடிச்சா கெட்டியா ஒரே தாரையா வருது. நிக்கிற தொல்லை போயிருச்சு, பெட்டியோட போனாலும் ஒரே இழுவையா இழுக்குது.

ஆனா இப்ப புதுசா ஒண்ணு. இல்ல புதுசான்னு தெரியல, முன்னாடி கவனிக்கலையோ என்னமோ. ஆக்சிலேட்டர விட்டா ரேஸ் உடனே எறங்காம மேலயே நின்னு பைய எறங்குது. எறக்கத்துல விட்டா சைலன்சர்ல பட் பட்னு அடிக்குது. முழுசா முறுக்குனா பொகை லேசா கருப்பா வருது, பிளக்கும் கருப்பு.

உச்சிப்புளி பட்டறை:
இதுல ரெண்டு விஷயம் எதிரும் புதிருமா இருக்கு பாத்தியா. ஆக்சிலேட்டர விட்டா லீன், முழுசா முறுக்குனா ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். ஒரே ஸ்க்ரூவத் திருகி ரெண்டையும் சரி பண்ண முடியாது.

கார்ப்பரேட்டர் எல்லா நேரமும் ஒரே ஜெட்ல ஓடாது. ஐடிலிங்லயும் ஆக்சிலேட்டர் லேசா தொறக்கிறப்பவும் சிலோ ஜெட், அடுத்து கொஞ்சம் ஸ்லைடோட (ஆக்சிலேட்டர் கேபிள் மேல தூக்குற உருளை) வெட்டு, கால்லருந்து முக்கால் வரைக்கும் அந்த ஸ்லைடுல தொங்குற நீடில், முக்காலுக்கு மேல மெயின் ஜெட். ஆக்சிலேட்டர் பிடியில ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மூடுனது, கால், அரை, முக்கால், முழுசுன்னு கோடு போட்டுக்க. ஓட்டுறப்ப எந்தக் கோட்டுல கோளாறு வருதுன்னு பாரு, எங்க கை வைக்கணும்னு அதுவே சொல்லிரும்.

முழுசுல கருப்பு அடிக்குதுன்னா அந்தப் பெரிய ஜெட். பெட்ரோல் வராத காலத்துல போட்டதால அன்னைக்குத் தெரியல, இப்ப பெட்ரோல் ஒழுங்கா வருது, ஜெட் வேலையக் காட்டுது. கம்பெனி சைஸையே போட்டுப் பாரு, அதுல பிளக் வெளுத்தா மட்டும் ஒரு நம்பர் ஏத்து. பிளக் கலர் பாக்குறதுன்னா நல்ல ரோட்டுல முழுசா முறுக்கிப் போயி அப்படியே கிளட்ச்சப் பிடிச்சு சாவிய ஆஃப் பண்ணி ஓரங்கட்டி கழட்டிப் பாக்கணும், வீட்டு வாசல் வரைக்கும் ஐடிலிங்ல வந்துட்டுப் பாத்தா அது பொய் சொல்லும். ஹேண்டில் லாக் பக்கம் சாவி போகாம பாத்துக்க.

ரேஸ் மேலயே நிக்குறது, பட் பட் அடிக்கிறது ரெண்டும் காத்து லீக். கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவுல கருப்பா ஒரு கட்டை இருக்கும், அதுல ஓ ரிங் உண்டு. அத்தன தடவ கழட்டி மாட்டுனதுல நசுங்கிருக்கும். வண்டி ஐடிலிங்ல ஓடுறப்ப அந்த ஜாயிண்ட்ல சோப்புத்தண்ணி லேசா அடி. சத்தம் மாறுனா அங்கதான். சைலன்சர் கழுத்துல பேக்கிங் போயிருந்தாலும் பட் பட் வரும், அங்கயும் கைய கிட்ட கொண்டுபோயிப் பாரு, தொட்டுறாத.

தொண்டி புல்லட்:
ஐடிலிங் கலவைய சரி பண்ற ஏர் ஸ்க்ரூ எப்படி வைக்கணும்னும் சொல்லிருங்க அண்ணே, நெறைய பேருக்கு அதுல குழப்பம்.

உச்சிப்புளி பட்டறை:
ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்குன்னு மொதல்ல பாரு. ஸ்லைடுக்கு ஏர் பில்டர் பக்கம் இருந்தா அது காத்து ஸ்க்ரூ, வெளிய திருகுனா லீன். என்ஜின் பக்கம் இருந்தா அது கலவை ஸ்க்ரூ, வெளிய திருகுனா ரிச். இது தெரியாம பல பேரு தலைகீழா திருகிக்கிட்டு இருக்காக. நல்லா சூடானப்பறம், மெதுவா உள்ள முடியிற வரைக்கும் திருகி, இறுக்காத, முனை உடைஞ்சா கார்ப்பரேட்டர் காலி, அங்கருந்து ஒன்றரை சுத்து வெளிய எடு. அப்பறம் கால் கால் சுத்தா அங்கிட்டு இங்கிட்டு திருகி எங்க ரேஸ் அதிகமா, சீரா நிக்குதோ அங்க விட்டுட்டு ஐடிலிங் ஸ்க்ரூவ எறக்கு. ஆனா லீக்க அடைக்காம இதுல கை வைக்காத, வீண் வேலை. டேப்பட்டும் (வால்வு இடைவெளி) பாத்துக்க, 0.05 மி.மீ., என்ஜின் ஆறி இருக்கிறப்ப.

தங்கச்சிமடத்தான்:
ஓ ரிங்தான். சோப்புத்தண்ணி அடிச்சதும் ரேஸ் டபக்குனு எறங்குச்சு. கழட்டுனா வட்டமா இருக்க வேண்டியது தட்டையா அப்பளம் மாதிரி இருக்கு, ஒரு எடத்துல வெடிப்பு வேற. மெயின் ஜெட்லயும் நம்பர் படிக்க முடியல. ரெண்டையும் மாத்தியாச்சு, ஜெட் கம்பெனி சைஸ்தான். ஏர் ஸ்க்ரூ ஒண்ணே முக்கால்ல நல்லா நிக்குது. பிளக் இப்ப காப்பிப்பொடி கலர். மொத்தமா ஆன செலவு புது கார்ப்பரேட்டர்ல கால்வாசிகூட வரல.

தம்மாம் ராம்நாட்டான்:
இழைய முழுசா படிச்சேன், வயிறு கலங்குது. எனக்கும் ஊர்ல பெரியபட்டினத்துல ஒரு ஸ்ப்ளெண்டர் பூட்டிக் கெடக்கு, அடுத்த லீவு வர்ற வரைக்கும் யாரும் தொட மாட்டாக. தம்பிகிட்ட போன்ல சொல்லி என்ன பண்ணச் சொல்லணும்?

கீழக்கரை காக்கா:
டேங்க்க முழுசா வடிக்கச் சொல்லுங்க, கார்ப்பரேட்டர் கப்பையும் டிரெயின் ஸ்க்ரூவத் தொறந்து வடிக்கணும், அதுல நின்ன பெட்ரோல்தான் பிசின் மாதிரி ஆயி சிலோ ஜெட்ட அடைக்கும். ஒரு மாசம் ரெண்டு மாசம்னா டேங்க் ரொப்பி வச்சாலே போதும், உள்ள காத்துக்கு எடம் இருக்காது, காக்க மூடிட்டு கப்ப மட்டும் வடிச்சிரலாம். வருசக்கணக்குன்னா காலி பண்ணி உள்ள ஆயில் சுத்திர்றதுதான் நல்லது.

உச்சிப்புளி பட்டறை:
பிளக்கக் கழட்டி உள்ள ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, சாவி ஆஃப்ல கிக்கர ரெண்டு மூணு தடவ பைய மிதிச்சிட்டு பிளக்க மாட்டச் சொல்லுங்க. வென்ட் ஹோஸ் வாயில கொசுவலைத் துணி ஒரு துண்டு கட்டிரணும், குளவிக்கு. பேட்டரியக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சிரணும்.

தம்மாம் ராம்நாட்டான்:
இப்பவே போன் போடுறேன் அண்ணே. அவன் பிளக் ஸ்பானர் எங்க இருக்குன்னு கேப்பான் பாருங்க.

உச்சிப்புளி பட்டறை:
சீட்டுக்கு அடியில டூல் பையில இருக்கும். இல்லன்னா உச்சிப்புளிக்கு வரச் சொல்லுங்க.